முளைக்குச்சியை மாற்றி அடித்தவள்

கர்ப்பப்பையை எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வலி போய்விட்டது. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வரப்புத் தகராறு என்று வருகிறவர்களின் குறைகளைக் கேட்டு மனுவாக அடித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. சாயங்காலம் எழுந்து நிற்கும்போது இடுப்பு யாருடையதோ போல இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் யோகா சொல்லிக் கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் பத்து நாள் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். கடைசி நாளில், "வீட்ல செய்யறதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இடம் இல்லை. ஒரு அறையில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் தூங்குவார். கூடத்தில் மாமனார். மொட்டை மாடிக்குப் போனால் தெருவே பார்க்கும். மிஞ்சியது கொல்லைதான். அங்கே கறவை மாடு இரண்டு, ஒரு கிடேரி, ஐந்து ஆடுகள், கோழிகள். எதிர் மூலையில் வேப்ப மரத்தடியில் என் கொழுந்தனின் காளை. வேலிக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காடு.

விடியும் நேரத்தில் சாணத்தைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பேன். முதல் வாரம் படாத பாடுதான். கையும் முழங்காலும் ஊன்றி முதுகை வளைத்தால் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று முதுகில் ஏறி நின்றுகொள்ளும். காலை நீட்டினால் கோழி வந்து மெட்டியைக் கொத்தும். மாமனார் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பார். "இந்தக் கூத்துக்கு ரெண்டு கொடம் தண்ணி தூக்கலாம்" என்பார். தண்ணீர் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வார்.

ஆனால் மாடுகள் எனக்கு உதவின. மூச்சை நிதானமாக இழுத்து விடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. எனக்கு நான்கு எண்ணுவதற்குள் முட்டும். பக்கத்தில் படுத்திருக்கும் பசுவின் விலா மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடப் பழகினேன். மூன்றாவது வாரம் ஒரு நாள், கணவர் தட்டி எழுப்பித்தான் எழுந்தேன். வெளியே நன்றாக விடிந்திருந்தது. அன்று சமையலறையில் நின்று அழுதேன். அதன் பிறகு அந்தப் பாயை யாருக்காகவும் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் நிறையக் குடித்தான். ஒன்பது மாதத்துக்கு முன்னால், யாரும் சொல்லாமல் அவனாகவே நிறுத்தினான். நிறுத்தியதை வீட்டில் யாரும் முழுதாக நம்பவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எப்போது வருகிறான், எப்படி நடக்கிறான், ஏன் இவ்வளவு பேசுகிறான், ஏன் பேசவில்லை. அவன் அதைப் பொறுத்துக்கொண்டு காளையோடு கிடந்தான். கன்றிலிருந்து அவன் வளர்த்தது. இரண்டு வருஷம் வாடிவாசலில் இறங்கி யார் கையிலும் பிடிபடாமல் வந்தது. அவனைத் தவிர யாரும் பக்கத்தில் போக முடியாது.

மாசி மாதம் அவன் காளைக்குக் கொஞ்சம் நீளமான கயிறு மாற்றினான். வெயில் திரும்பினாலும் அதற்கு நிழல் எட்டட்டும் என்றுதான். ஆனால் இப்போது காளை முழுக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு வந்தால் என் பாய்க்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. இரண்டு நாள் காலையில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி மூக்கால் சீறியது. கொழுந்தனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றிக் கட்டியிருப்பான். சொன்னால் மாமனார் காதில் விழும். "அப்ப கூத்த நிறுத்து" என்பார். அந்தப் பயத்தில் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் காளையை ஏரிக்கு நீச்சலுக்கு ஓட்டிப் போயிருந்தான். வீட்டில் யாரும் இல்லை. காளையைக் கட்டும் முளைக்குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். நாலு முழம் தள்ளி அடிக்கப் பார்த்தால், செம்மண் காய்ந்து பாறையாகக் கிடந்தது. இறங்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் வழிந்த ஈரத்தில் மண் இளகியிருந்தது. அங்கே வைத்து ஒரு கல்லால் ஏழெட்டுப் போடு போட்டேன். சுலபமாக இறங்கிவிட்டது. அது இறங்கிய வேகத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அடிவயிறு லேசாக இழுத்தது. கல்லை வேலியோரம் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். இருட்டும் நேரத்தில் அவன் வந்து, முளை இருந்த இடத்தில் காளையைக் கட்டினான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எல்லா ஆசனமும் முடித்துக் கடைசியாகச் சவாசனத்தில் மல்லாந்து படுத்திருந்தேன். கண்ணை மூடியிருந்தேன். பின்னலை அவிழ்த்துவிட்டிருந்ததால் தலைமுடி பாய்க்கு வெளியே மண்ணில் கிடந்தது. முதலில் கவனித்தது, பசு அசை போடுவதை நிறுத்தியதைத்தான். அந்த மெல்லும் சத்தம் எனக்கு அவ்வளவு பழகியிருந்தது. பிறகு கோழிகள் ஒரே நேரத்தில் இறக்கையடித்து ஓடின. மண்ணில் எதையோ இழுத்து வரும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது வானம் தெரியவில்லை. காளையின் தாடை தெரிந்தது.

எழுந்திருக்கத் தலையைத் தூக்கினேன். தலை வரவில்லை. அது என் முடியின்மேல் காலை வைத்து நின்றுகொண்டிருந்தது. கழுத்திலிருந்து தொங்கிய கயிறு என் வயிற்றின் குறுக்கே கிடந்தது. கயிற்றின் நுனியில் பிடுங்கி வந்த முளைக்குச்சி, சேறு அப்பிக்கொண்டு என் இடுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்தது. காளை ஓடினால் அந்தக் கட்டை என் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆபரேஷன் செய்த இடம். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. கத்த வாய் வரவில்லை.

கொட்டகைப் பக்கமிருந்து கொழுந்தன் வாளியோடு வந்தான். பார்த்துவிட்டான். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"அண்ணி. அசையாதீங்க." குரல் தாழ்ந்து வந்தது. "கண்ண மூடிக்கங்க. மூச்ச மட்டும் விடுங்க. நான் வந்துட்டேன்."

கண்ணை மூட முடியவில்லை. மூச்சு விட்டேன். காளை என் முகத்துக்குக் குனிந்து நெற்றி வேர்வையை மோந்தது. மூக்கிலிருந்து சூடான காற்றும் சளியும் என் கன்னத்தில் விழுந்தன. பக்கத்தில் பசுவின் விலா ஏறி இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். ஏறும்போது இழுத்தேன், இறங்கும்போது விட்டேன்.

"ராசா... தங்கம்... இங்க பாரு... என்னப் பாரு..." அவன் நாக்கால் மெல்லச் சொடக்குப் போட்டபடி ஒவ்வொரு அடியாக வந்தான். காளையின் காது அவன் பக்கம் திரும்பியது. இன்னும் நாலு அடிதான்.

அப்போது மாமனார் பின்வாசலில் வந்து நின்று, "அய்யய்யோ! டேய், புடிடா! புடிடா!" என்று கத்தினார்.

காளை விலுக்கென்று திரும்பியது. முடியை வேரோடு பிடுங்குவது போல இழுத்தது. வயிற்றின்மேல் கயிறு விறைத்தது. கொழுந்தன் பாய்ந்து என் மேல் கிடந்த கயிற்றைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்தான். காளை தலையை வீசியது. அவன் முழங்கைக்குக் கீழே கொம்பு இறங்கியதை நான் கீழேயிருந்து பார்த்தேன். அவன் கத்தவில்லை. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்றான். இன்னொரு கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, தன் உடம்பைக் காளைக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகத் தள்ளிக்கொண்டு போனான். என் முடி விடுபட்டது. உருண்டு தொட்டிப் பக்கம் போனேன். பாயில் அவன் ரத்தம் சொட்டியிருந்தது.

காளையை வேப்ப மரத்தில் நேராகக் கட்டிவிட்டு அவன் திரும்பி வந்தான். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். மாமனார் அவன் முன்னால் போய் நின்றார்.

"வாய ஊது."

"அப்பா..."

"ஊதுடா."

என் கணவரும் எழுந்து வந்து நின்றார். எங்கள் இருவர் முன்னாலும், முப்பத்திரண்டு வயது ஆள், கையிலிருந்து ரத்தம் வழிய அப்பா முகத்தில் வாயை ஊதினான்.

"இப்ப வாடை இல்ல. ராத்திரி குடிச்சிருப்ப. இல்லன்னா ஈரத்துல போயி எவன்டா முளை அடிப்பான்?"

"நான் அடிக்கலப்பா. முளை அங்க இருந்துச்சு. நீங்கதான் மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சிக் கட்டுனேன்."

"நானா? குனிய முடியாத முட்டிய வச்சிக்கிட்டு நான் முளை அடிக்கிறேனா? போதையில அடிச்சிட்டு மறந்துட்ட. இன்னைக்கி ஒரு உசுரு போயிருக்கும்."

ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடமே தூக்கக் கூடாதவள் முளை அடிப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? அந்த நொடி வாயைத் திறந்திருக்கலாம். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். கணவர் என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். "இனிமே யோகாவும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார்.

பத்து மணிக்கு நானும் கொழுந்தனும் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குச் சிராய்ப்புதான். அவனுக்குப் பதினோரு தையல். போடும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், "ரெண்டு முடிச்சு போட்டேன் அண்ணி. நல்லா ஞாபகம் இருக்கு. இழுத்தும் பாத்தேன்" என்றான். பிறகு கையிலிருந்த கட்டைத் தடவிக்கொண்டே, "பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

சொல்லிவிடலாம் என்று அவன் பக்கம் திரும்பினேன். "டீ வாங்கட்டுமா?" என்றுதான் வாயில் வந்தது.

அடுத்த இரண்டு நாள் நான் கடைக்குப் போய் மனு அடித்தேன். தவறுக்கு மன்னிப்புக் கேட்டு மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். பத்தே நிமிடத்தில் அடித்துக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மாமனார் மாட்டு வியாபாரிக்குப் போன் செய்து, காளையை ஏற்றிப் போக மூன்றாம் நாள் காலையில் வண்டியோடு வரச் சொல்லிவிட்டார். கொழுந்தன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் காளைக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்துவிட்டு அது தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னால் என்ன ஆகும் என்று நான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். திட்டுவார்கள். யோகா போகும். தூக்கம் போகும். அவ்வளவுதான். ஆனாலும் கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் நிற்காமல் உள்ளே போய்விட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பியபோது அவன் பைக் இல்லை. "மத்தியானம் போனவன்" என்றார் மாமனார், நான் கேட்காமலே. "இந்நேரம் ஊத்திக்கிட்டு இருப்பான். தெரிஞ்ச கதைதான்."

பையைக்கூட இறக்கவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பினேன். ரோட்டில் ஒயின்ஷாப் இருக்கும் வளைவு வரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அவன் பைக் கடைக்கு முன்னால் நின்றது.  பார் வாசலில் நின்றிருந்த ஆண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். இல்லை. திரும்பிப் பார்த்தால், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஆடை படிந்த டீ. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தான்.

"எதுக்கு இங்க வந்தீங்க அண்ணி?"

"குடிச்சியா?"

"இல்ல." சிரிக்கப் பார்த்தான். "ரெண்டு மணி நேரமா இங்கருந்து அந்தக் கடையப் பாத்துக்கிட்டு இருக்கேன். குடிக்காமயே குடிச்சவன்னு ஆயிருச்சு. அப்பறம் என்னன்னு தோணுது."

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "முளைய மாத்தி அடிச்சது நான். நீ ஏரிக்குப் போயிருந்தப்ப. என் பாய்கிட்ட வருதுன்னு மாத்துனேன். ஈர மண்ணுன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். வேற எடத்துல எறங்கல."

அவன் என்னையே பார்த்தான். 

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு அண்ணி" என்றான். "நாந்தான் குடிச்சிட்டு வந்து அடிச்சிருப்பனோன்னு. நேத்தெல்லாம் அதையே யோசிச்சேன். குடிச்சதே ஞாபகம் இல்லாத அளவுக்கு குடிச்சிட்டனோன்னு." டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "ஆஸ்பத்திரி பெஞ்சில வச்சிச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"வாய ஊதச் சொன்னாரே. நீங்க அங்கதான நின்னீங்க?"

  அவன் எழுந்து, குடிக்காத டீக்குக் காசு கொடுத்தான். "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் கூட வந்து நிக்க மாட்டேன். பொறவு வரேன்" என்று சொல்லிவிட்டு முந்திரிக்காட்டுப் பாதையில் நடந்தான். பைக்கைக்கூட எடுக்கவில்லை.

கூடத்தில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டிவியை நிறுத்திவிட்டு இருவர் முன்னாலும் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு அறிவிருக்கா? செத்திருப்ப! அவனும் செத்திருப்பான்! மூணு நாளா வாயில என்ன வச்சிருந்த?" என்று கத்தினார். அவர் கத்தியது நியாயம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

மாமனார் என் கைகளைப் பார்த்தார். பிறகு, "கல்லுத் தூக்கியா அடிச்ச?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? வயித்துல ஏதும் வலி இருக்கா?"

அவர் திட்டுவார் என்று மூன்று நாளாகத் தயாராகியிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. அழுதுவிட்டேன். அவர் போனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டு, "காலையில வரவேணாம்ப்பா. குடுக்கல" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

எட்டு மணி போலக் கொழுந்தன் நடந்தே வீட்டுக்கு வந்தான். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மகன் வரும்போது அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.  "சாப்புடு" என்றார். அவன் தட்டை எடுத்துக்கொண்டான். மாமனார் சொம்பில் தண்ணீர் மொண்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். இருவருக்கும் நடுவே அதற்குமேல் பேச்சு நடந்ததாக எனக்குத் தெரியாது.

என்னோடு அவன் பழையபடி ஆக நாளாயிற்று. மரியாதைக்குக் குறைவில்லை. "அண்ணி, சோறு போடுங்க", "அண்ணி, சாவி எங்க" என்ற அளவோடு நின்றது. முன்பெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே மெஷின் சேற்றில் மாட்டிய கதைகளைச் சொல்வான். அது நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று இருந்தது. வைகாசியில் ஒரு நாள் லைசென்ஸ் புதுப்பிக்க விண்ணப்பம் அடிக்க வேண்டுமென்று என் கடைக்கே வந்தான். ஜெயங்கொண்டத்தில் வேறு எத்தனையோ கடை இருக்கிறது. நான் அடித்து முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பூலாம்பாடிப் பக்கம் அறுவடைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டு நாய் மெஷின் சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்ததைச் சொன்னான். நான் சிரித்ததில் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன். மறுபடி அடித்தேன்.

கொல்லைக்கு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போனேன். போக வேண்டாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். மாமனார்தான், "போவட்டும் விடு" என்றார். கொழுந்தன் காளைக்கும் கொட்டகைக்கும் நடுவே சவுக்குக் கழிகளால் தடுப்புக் கட்டியிருந்தான். எப்போது கட்டினான் என்று தெரியாது. பசு அதே இடத்தில் படுத்திருந்தது. எல்லாம் செய்ய வருகிறது. தூக்கமும் பெரும்பாலான நாட்களில் வந்துவிடுகிறது. சவாசனத்தில் மட்டும் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் காதுக்குப் பக்கத்தில் மண் அரைபடுகிறது. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு, "தெறந்துக்கிட்டே படுங்க. ஒண்ணும் தப்பில்ல" என்றார். அப்படித்தான் படுத்திருக்கிறேன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.